நூற்றெட்டுச் சுற்றும் பத்துக் கிலோமீற்றரும்

மட்டக்களப்பு சமதரை என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. பள்ளிக்கூடப் புவியியல் புத்தகம் அப்படிச் சொல்கிறது. சுற்றுலாக் கையேடு சொல்கிறது. இங்கேயே பிறந்து, இங்கேயே வளர்ந்து, வாழ்நாளில் ஒரு மேட்டிலும் ஏறிப் பாராதவர்களும் சொல்கிறார்கள். இருபத்திரண்டு வருடம் நூலகராக இருப்பவன் என்ற முறையில், மிகுந்த வருத்தத்தோடும் அதைவிட மிகுந்த பொறுப்போடும் இதை மறுக்கிறேன். மட்டக்களப்பில் ஒரு மலை இருக்கிறது. அதன் பெயர் கல்லடிப் பாலம்.

காரில் போகிறவர்களுக்கு அது தெரியாது. மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கும் தெரியாது. களைத்த கால்களோடு ஒருவன் சைக்கிளில் வந்தால் மட்டும், வாவிக்கு நடுவில் அது மெல்ல எழுந்து நிற்கும். சென்ற ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அது நாட்டிலேயே உயர்ந்த மலையான பிதுருதலாகலையைவிட இரண்டு அடி கூடுதலாக இருந்தது. அளந்துதான் சொல்கிறேன். தொடையால் அளந்தேன்.

எங்கள் பக்கத்து வழமை ஒன்றை வெளியூர் வாசகருக்குச் சொல்லியாக வேண்டும். இங்கே கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீடு பெண்ணுடையது. வீட்டைச் சுற்றியுள்ள வளவு பெண்ணுடையது. வயல் இருந்தால் அதுவும் பெண்ணுடையது. ஆகவே நான் பத்தொன்பது வருடமாக யசோதினியின் வீட்டில், யசோதினியின் கதிரையில் உட்கார்ந்து, யசோதினியின் மாமரத்துக் காற்றை வாங்கிக்கொண்டு குடியிருக்கிறேன். உன்னிச்சைக் குளத்துக்குக் கீழே உள்ள வட்டையில், அதாவது வயல்வெளியில், அவளுக்கு நாலு ஏக்கர் இருக்கிறது. அந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே சொத்து ஒரு பந்தயச் சைக்கிள். சிவப்பு நிறம். ஒன்பதரைக் கிலோ. இரண்டு விரலால் தூக்கலாம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. நான் இரண்டு கையாலும் தூக்குவேன்.

அது சாலைக்கு நடுவில் சுவரோடு சாய்ந்து நிற்கும். நான் சொல்லும் சாலை வீட்டுக்குள் இருப்பது. விருந்தாளிகள் வந்தால் இருக்கும் இடம்.

"இஞ்சாருங்க, இந்தச் சாமான் எத்தின நாளைக்கு இதில நிக்கப்போகுது?"

"சாமான் இல்ல யசோ. சைக்கிள்."

"சைக்கிளெண்டா சந்தைக்குப் போகும். இது போகுதா?"

"இது பந்தயத்துக்கு வாங்கின சைக்கிள்."

"ஒரு பந்தயத்துக்காவது போயிரிக்கா?"

எங்கள் நூலகத்தில் பதினோராயிரம் புத்தகம் இருக்கிறது. அதில் இரவல் வாங்கி வந்த ஒன்றை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் விளையாட்டுக் கழகம் போட்டியை அறிவித்தது. எல்லாரும் ஒன்றாகப் புறப்பட்டு இடிபடுகிற பந்தயம் அல்ல இது. நிமிடத்துக்கு ஒருவராக விடுவார்கள். ஒவ்வொருவரும் தனியாக ஓடி, மணிக்கூட்டோடு போட்டி போட வேண்டும். பாலத்தின் நகரப் பக்கத்தில் தொடங்கி, பாலம் ஏறி இறங்கி, நாவற்குடாவைத் தாண்டி, காத்தான்குடிப் பேரீச்ச மரங்கள் கண்ணில் படும் இடத்தில் ஒரு தகரப் பீப்பாயைச் சுற்றி, வந்த வழியே திரும்ப வேண்டும். மொத்தம் பத்துக் கிலோமீற்றர்.

நான் எழுந்து நின்று பிரகடனம் செய்தேன்.

"இருவது நிமிசத்துக்குள்ள முடிப்பன்."

"முடிச்சா?"

"முடிச்சா சைக்கிள் இதிலயே நிக்கும். சாகுமட்டும் நீ அதப்பத்தி ஒரு கதை கதைக்கப்படா."

"முடிக்காட்டி?"

"முடிக்காட்டி..."

"முடிக்காட்டி தம்பிக்குக் குடுக்கிற. சிவதர்ஷன் ஆசப்பட்டுக் கேட்டவன். சரியா?"

"சரி."

"சத்தியமா?"

"சத்தியமா."

சிவதர்ஷன் அவளுடைய தம்பி. கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், வேலை. முப்பத்திரண்டு வயது. சைக்கிளைப் பார்க்கும்போதெல்லாம் அதன் ஆசனத்தை ஒரு தரம் தடவிவிட்டுப் போவான். அதை என்னால் பொறுக்க முடிவதில்லை.

இரண்டு மாதம் விடியக் காலையில் பயிற்சி செய்தேன். இருபத்தாறு நிமிடம் இருபத்திமூன்று ஆனது. இருபத்திமூன்று இருபத்தொன்று ஆனது. கடைசியில் ஒரு நாள் இருபது நிமிடம் ஐந்து விநாடி. மிச்சம் ஐந்து விநாடிதான். அதற்கு என்ன வழி என்று நூலகத்தில் தேடினேன். சைக்கிளோட்டம் பற்றிய ஒரு தடித்த நூலில் இருந்தது: போட்டிக்கு முந்திய மூன்று நாளும் கால்களைச் சும்மா வைத்திருப்பதே உயர்ந்த பயிற்சி. நான் வாசித்த நூல்களில் இவ்வளவு உண்மையான வசனத்தைக் கண்டதில்லை.

அன்று புதன்கிழமை. சந்தோசமாக வீட்டுக்கு வந்தேன்.

"இஞ்சாருங்க, நாளைக்கு நெல்லு வெட்டுமெசின் வருதாம். மூணு நாள் வேல. லீவு போட்டுட்டு உன்னிச்சைக்குப் போய் நில்லுங்க."

வட்டையில் நிற்பது என்பதில் நிற்பது ஒன்றுதான் இல்லை. வரம்பு வரம்பாக நடக்க வேண்டும். மூட்டை தூக்க வேண்டும். மெசின்காரருக்குத் தேத்தண்ணி சுமக்க வேண்டும். மூன்று நாள் அப்படி நின்றால் ஞாயிற்றுக்கிழமை என் கால்கள் சைக்கிளை அல்ல, செருப்பைக்கூட ஓட்டா. அந்தக் கணத்தில் என் முழங்காலில் கடுமையான நோவு உண்டாயிற்று.

"ஆ!"

"என்ன?"

"முழங்கால்."

"இப்ப நல்லாத்தானே வந்தீங்க?"

"கொஞ்ச நாளாவே இரிக்கி யசோ. உனக்குச் சொல்லி உன்ர மனத்தக் கஸ்டப்படுத்தப்படா எண்டு பொறுத்துக்கிட்டு இருந்தன்."

யசோதினி என்னைப் பார்த்தாள். முழங்காலைப் பார்த்தாள். பிறகு அவள் முகம் பஞ்சு போல மிருதுவாகிவிட்டது. அந்த முகத்தை நான் கலியாண அல்பத்தில்தான் கடைசியாகக் கண்டிருந்தேன்.

"ஐயோ, பாவம். நீங்க போகவேணாம். படுங்க. தம்பிய அனுப்புறன்."

இவ்வளவு சுகமாக ஒரு பொய் வென்றதை நான் சரித்திர நூல்களிலும் வாசித்ததில்லை. அவள் சுவாமிப் படத்துக்கு முன்னால் போய்க் கை கூப்பினாள்.

"பிள்ளையாரே, இவருக்கு முழங்கால் சுகமாகட்டும். சுகமான அண்டைக்கே உன்ர வீதிய நூத்தியெட்டுத் தரம் சுத்திறதெண்டு நேத்தி வைக்கிறன்."

நேர்த்தி என்றால் தெய்வத்தோடு செய்யும் ஒப்பந்தம். பக்தியுள்ள மனைவி என்று எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமையோடு காலை நீட்டிப் படுத்தேன்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் நான் வாழ்ந்த வாழ்க்கையை ஒல்லாந்தத் தேசாதிபதிகளும் வாழ்ந்திருக்க மாட்டார்கள். காலுக்குக் கீழே தலையணை. கைக்குப் பக்கத்தில் புத்தகம். நல்லெண்ணெய் சூடாக்கி ஒத்தடம். மத்தியானம் கணவாய்க் கறி. நோயாளியாக இருப்பதில் எனக்கு இவ்வளவு திறமை இருக்கிறதென்று நாற்பத்தாறு வயதுவரை தெரியாமல் போனது.

சனிக்கிழமை காலை குணமாகத் தொடங்கினேன். படிப்படியாகத்தான். முதலில் சுவரைப் பிடித்து நடந்தேன். பிறகு சுவரைத் தொட்டும் தொடாமலும் நடந்தேன். பிறகு சுவரே இல்லாத பக்கமாக நடந்து காட்டினேன்.

"நோவு எப்பிடி?" என்றாள் யசோதினி.

"என்ன புதினமோ, காணல்ல. மாறிட்டுப் போல."

அவள் கை இரண்டும் தலைக்குமேல் போயின. "பிள்ளையாரே! வெளிக்கிடுங்க!"

"எங்க?"

"கோயிலுக்கு. நூத்தியெட்டுச் சுத்து."

"ஓம் ஓம், நீ போயிட்டு வா. நான் வீட்டப் பாத்துக்கிறன்."

"நானா? கால் உங்கட கால். நோவு உங்கட நோவு. நான் ஏன் சுத்த?"

"நேத்தி வச்சது நீ!"

"வைக்கிறது பொண்டாட்டி, தீக்கிறது புருசன். ஊரெல்லாம் அப்பிடித்தான்."

"சரி, வாற கிழமை..."

"சுகமான அண்டைக்கே எண்டு சொல்லிப்போட்டன். பிள்ளையாரிட்டத் தவணை கேக்கேலுமா?"

நான் யோசித்தேன். வேகமாக யோசித்தேன்.

"யசோ, உண்மையச் சொன்னா இன்னும் கொஞ்சம் நோகுது."

"நோகுதா?" என்று அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரலில் தேன். "அப்ப நாளைக்கு ஓடேலாது. பாவம். நான் இப்பவே தம்பிக்குப் போன் கோல் எடுத்துச் சைக்கிளக் கொண்டு போகச் சொல்றன்."

"நோகல்ல."

"வடிவா யோசிச்சிச் சொல்லுங்க."

"கொஞ்சமும் நோகல்ல."

"அப்ப சேட்டக் கழட்டிட்டு வேட்டியக் கட்டுங்க."

எங்கள் பிள்ளையார் கோயில் வெளிவீதி ஒரு சுற்று நூற்றுப் பத்து மீற்றர். நூற்றெட்டால் பெருக்கினால் பதினோராயிரத்து எண்ணூற்று எண்பது. அதாவது மறுநாள் பந்தயத்தைவிட ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் கூட. வெறுங்காலோடு. மணலில். ஆவணி வெயிலில். இந்தக் கணக்கை யசோதினியிடம் விளக்கினேன். "புண்ணியமும் அந்தளவு கூடத்தானே," என்றாள்.

எண்ணுவதற்கு ஒரு பார்வையாளரையும் ஏற்பாடு செய்திருந்தாள். பக்கத்து வீட்டுச் சீதேவிப்பிள்ளை மாமி. அவர் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, நூற்றெட்டுப் புளியங்கொட்டையை மடியில் கட்டி வைத்திருந்தார். நான் ஒரு தரம் கடக்கும்போது ஒரு கொட்டை பக்கத்தில் வைத்திருந்த ஓலைப் பெட்டிக்குள் விழும்.

மூன்றாம் சுற்றில் எனக்கு ஒரு அருமையான வாதம் தோன்றியது. நின்றேன்.

"யசோ! மாம்பழத்துக்கு வச்ச பந்தயம் ஞாபகம் இரிக்கா? தம்பி மயில்ல ஏறி உலகத்தச் சுத்தினார். பிள்ளையார் தாய் தகப்பன ஒரே ஒரு சுத்துச் சுத்தி வெண்டுட்டார். ஒரு சுத்தில வெண்டவருக்கு நூத்தியெட்டெண்டா அவருக்கே வெக்கமா இரிக்கும்."

"நீங்க பிள்ளையாரா?"

"இல்ல."

"வயிறு மட்டுந்தான் சரி. நடங்க."

மாமி சிரித்த சிரிப்பில் இரண்டு கொட்டை மடியிலிருந்து மணலில் உருண்டது. அவை பெட்டிக்குள் விழுந்ததாகக் கொள்ளலாமே என்று நான் சொன்னதை இருவரும் ஏற்கவில்லை.

"மாமி, எத்தின?"

"நாப்பத்திமூணு."

"நாப்பத்தேழல்லவா?"

"மருமகன், கொட்ட பொய் சொல்லாது."

எழுபதாம் சுற்றில் என் பின்னங்கால் தசை கருங்கல் ஆனது. தொண்ணூறாம் சுற்றில் எனக்குக் கால்கள் இருப்பது மறந்துவிட்டது. நூற்றெட்டாவது கொட்டை விழுந்தபோது மாமி எழுந்து வந்து என் நெற்றியில் திருநீறு பூசினார். எனக்கு அது கடைசிக் கிரியை போலவே தோன்றியது.

ஞாயிறு காலை ஆறு மணி. வாவி கண்ணாடியாகக் கிடந்தது. காற்றில்லை. பொலிஸ் வீதியை மறித்துத் தந்திருந்தது. என் இலக்கம் பதினான்கு. ஒருவர் என் ஆசனத்தைப் பிடித்துக்கொண்டார். ஊதுகுழல்காரர் எண்ணினார்: ஐந்து, நாலு, மூன்று. சைக்கிள் துடித்தது. இதயம் துடித்தது. கால்கள் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தன.

விசில்!

பாயவேண்டிய இடத்தில் தள்ளாடினேன். பாலம் எழுந்து நின்றது. தொடைக்குள் யாரோ மண் மூட்டை வைத்துத் தைத்தது போல இருந்தது. எப்படியோ உச்சியை எட்டி மறுபக்கம் உருண்டேன். கல்லடி போனது. நாவற்குடா போனது. மூன்றாவது கிலோமீற்றரில் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஆறரை நிமிடம்! இந்த வேகத்தில் போனால் இருபத்தொன்றரைக்கு மேலாகும். என் கண்ணுக்கு முன்னால் சிவதர்ஷன் ஆசனத்தைத் தடவினான்.

அப்போது எனக்குப் பின்னால் சங்கிலிச் சத்தம். எனக்கு ஒரு நிமிடம் பிந்தி வெளிக்கிட்ட அப்துல் கபூர்! காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருப்பவர். அறுபத்தொரு வயது. தாடி காற்றில் இரண்டாகப் பிரிய என்னைக் கடந்தார்.

"என்ன லைப்ரேரியன், அசந்து போறீங்க?"

"கால்... நேத்து... நூத்தியெட்டு..."

"கதைக்காம மிதிங்க மனே! எங்கட ஊர் ஈத்தமரம் தெரியுது!"

இந்தப் போட்டியில் ஒரு விதி உண்டு. கடந்து போனவரின் நிழலில் ஒட்டிக்கொண்டு போகக்கூடாது. பத்து மீற்றர் இடைவெளி விடவேண்டும். பத்து மீற்றர் என்பது எங்கள் நூலகத்தின் வாழ்க்கை வரலாற்று அலுமாரிகளின் நீளம். அதை நான் இருபத்திரண்டு வருடமாகத் தூசு தட்டுகிறேன். கண்ணை மூடினாலும் தெரியும். விதி பத்துக்குக் கிட்டப் போகாதே என்கிறது. பத்துக்கு எட்டப் போ என்று எங்கும் சொல்லவில்லை. அப்துல் கபூரின் சின்ன முதுகுக்கும் என் முன் சில்லுக்கும் நடுவில் ஒரு வாழ்க்கை வரலாற்று அலுமாரியை வைத்துக்கொண்டு, உயிரைக் கொடுத்து மிதித்தேன்.

பீப்பாய் வந்தது. சுற்றினோம். வேகம் குறையவில்லை. ஆறு கிலோமீற்றர். ஏழு. நாய் ஒன்று குரைத்துக்கொண்டு வந்து, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. எட்டு. களைப்பு எங்கோ பின்னால் விழுந்துவிட்டது. காலும் சைக்கிளும் தெருவும் ஒன்றாகின. கடைகள் பறந்தன. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது, ஒரு நூலகர் கத்தக்கூடாத சத்தத்தில் கத்தினேன்.

ஒன்பது. பாலம்.

அப்துல் கபூர் அதில் தாரா நீந்துவது போல ஏறினார். எனக்கு வலது கெண்டைக்காலில் பிடித்தது. சைக்கிள் நடக்கிற வேகத்துக்கு வந்தது. மணிக்கூட்டில் பதினெட்டு நிமிடம் முப்பது. அப்போதுதான் பாலத்துக் கைபிடியோரம் ஒரு குடை தெரிந்தது. குடைக்குக் கீழே யசோதினி. கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள்.

"இஞ்சாருங்க! மிதிங்க! நூத்தியெட்டுச் சுத்தின கால்தானே! இந்தப் பாலமெல்லாம் ஒரு பாலமா? மிதிங்க!"

நான் தோற்றால் அவளுக்குச் சாலை காலியாகும். ஆனாலும் எனக்காகக் கத்தினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆசனத்திலிருந்து எழுந்து நின்று மிதித்தேன். உச்சி! இறக்கம்! கோடு!

தெருவில் அப்படியே சாய்ந்தேன். மேலே வானம். வானத்துக்கு நடுவில் சிவதர்ஷனின் முகம்.

"அத்தான்! பத்தொன்பது அம்பத்திநாலு! வெண்டுட்டீங்க!"

ஆறு விநாடி! வாழ்க்கையில் முதல் தடவையாக யசோதினியின் வீட்டில் எனக்கு ஒரு நிரந்தர இடம். ஐந்தரை அடி நீளம், ஒரு அடி அகலம், ஆனாலும் நிரந்தரம். பிறகு ஒன்று உறைத்தது. மூன்று நாள் வயலில் நின்றவன் முகத்தில் வெயில் பட்ட அடையாளமே இல்லை.

"சிவதர்ஷன், நீ வட்டையில நிக்கல்லயா?"

"மெசின் நாளைக்குத்தானே அத்தான் வருது. கிரான் ஊர்ப்பக்கம் வெட்டு முடியல்லயாம். அக்காக்குப் புதன்கிழமை ராவே கோல் வந்திச்சே."

நான் எழுந்து உட்கார்ந்தேன். குடையை மடக்கிக்கொண்டு யசோதினி வந்தாள்.

"மெசின் வராதெண்டு புதன்கிழமையே தெரியுமா?"

"ஓம்."

"மறுகா ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"நோவில கிடக்கிற மனுசனுக்கு வயல் கதை எதுக்கு?"

"அப்ப அந்த நேத்தி?"

"நேத்தி உண்மை. நான் உங்களப்போலயா, பொய் சொல்ல? இல்லாத நோவப் பிள்ளையார் மூணு நாளில மாத்தித் தந்திரிக்கார். அதுக்கு நூத்தியெட்டே காணாது."

சிவதர்ஷன் வாவியில் எதையோ உற்றுப் பார்க்கத் தொடங்கினான்.

"தம்பிக்கு லீவு இல்ல. நாளைக்கு நீங்க போறீங்க. நேத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் நடந்து, இண்டைக்குப் பத்து ஓடின கால். இதவிட நல்ல முழங்கால் மட்டக்களப்பில ஆருக்கு இரிக்கி? மாமி சாட்சி. பாலத்தில நிண்ட சனமெல்லாம் சாட்சி."

"சைக்கிள் சாலையிலதான் நிக்கும்," என்றேன். மிச்சமிருந்த ஒரே கோட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். "அது சத்தியம்."

"நிக்கட்டும். நான் வேணாமெண்டனா? ராவைக்கு வடிவா நிக்கட்டும்."

"பகலில?"

"பகலில உங்களோட உன்னிச்சைக்கு வரும். முப்பது கிலோமீற்றர். பத்துக்கு இருவது நிமிசமெண்டா முப்பதுக்கு எவ்வளவு?"

கணக்குச் சரியாக இருந்தது. "ஒரு மணித்தியாலம்," என்றேன்.

"பாத்தீங்களா? பஸ்ஸவிடச் சுறுக்கு."

அன்று பின்னேரம் நாலரை மணிக்கு, கல்லடிச் சந்தியில், சைக்கிள்கடை அஸ்கர் என் சிவப்புப் பந்தயச் சைக்கிளுக்குப் பின்னால் மூட்டை வைக்க ஒரு இரும்புக் கரியர் பூட்டினார்.